மேலத்தாங்கலில் வண்டி நிற்காது

ஆரணியை விட்டுக் கிளம்பினால் வயலும் தறிச்சத்தமுமாக மாறி மாறி வரும் அந்தச் சாலையில், மேலத்தாங்கல் ஊருக்குச் சற்று முன்னால், இடது பக்கம் ஒரு மண்பாதை பிரியும். பிரிஸில்லா திருப்பத்து டீக்கடையைத் தாண்டிப் போய், புளியமரத்தின் மறைவில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்து டீச்சர் புருஷனைப் பின்தொடர்ந்து வந்திருக்கிறாள் என்று யாராவது பேசிவிடக் கூடாது. அப்போது அவளுக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

பாதையின் கடைசியில் ஆன்சனின் பைக் நின்றது. அதற்கு அப்பால் பழைய ரயில் நிலையம்.

மீட்டர்கேஜ் காலத்தில் கட்டிய சின்னக் கட்டடம் அது. அகலப்பாதை போட்டபோது புதுத் தண்டவாளம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. மேலத்தாங்கலில் இனி வண்டி நிற்காது என்றும் ஆகிவிட்டது. சன்னலையும் கதவையும் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நடைமேடை முழுக்கச் சீமைக்கருவேலம் முளைத்திருந்தது. மஞ்சள் பலகையில் 'மேலத்தா' வரை எழுத்து இருந்தது, மீதி துரு.

ஒரு மாதமாகவே ஆன்சன் சரியில்லை. அவன் பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் பார்டர் டிசைன் போடுகிறவன். வரைந்ததை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகத் தறிக்காரர்களைப் பார்க்கப் போவான். முன்பெல்லாம் விளக்கு வைப்பதற்குள் வீடு திரும்பி, "பிரிஸி, பசிக்குது" என்று சமையலறைக்கு வந்து நிற்பான். இப்போது இருட்டிய பிறகு வருகிறான். தட்டு வைத்தால், "வேணாம், சாப்ட்டேன்" என்கிறான்.

"எங்க சாப்ட்டீங்க?"

"தறி ஊட்ல."

தறி வீட்டுக்காரர் பன்னீர்செல்வத்துக்கு அவள் போன் செய்து பார்த்தாள். "சார் நாலு மணிக்கே கிளம்பிட்டாரே டீச்சர். நம்ம ஊட்ல காப்பித்தண்ணி கூடக் குடிக்கிறதில்ல இப்பல்லாம்" என்றார் அவர்.

அவன் சட்டையைத் துவைக்கும்போது வாசனை வந்தது. புளிசாதம். நல்லெண்ணெயில் தாளித்து, வேர்க்கடலை போட்டு, வாழையிலையில் கட்டி வைத்துத் திறந்தால் வருமே, அந்த வாசனை. யாரோ ஒருத்தி அவனுக்குப் பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போடுகிறாள். அப்படி வயிறாரச் சாப்பிட்டு வருகிறவனுக்குக் கன்னம் மட்டும் ஏன் ஒட்டிக்கொண்டே போகிறது என்று அவள் யோசிக்கவில்லை. சந்தேகம் வந்துவிட்ட மனசுக்கு அதெல்லாம் கண்ணில் படுவதில்லை.

திருப்பத்து டீக்கடை நடத்தும் சின்னபொண்ணுவுக்கு அன்புச்செல்வி என்றொரு மகள் இருந்தாள். புருஷனை இழந்து தாய் வீட்டோடு வந்துவிட்டவள், நல்ல முகவெட்டு. ஆன்சனின் பைக் அந்தப் பக்கம் அடிக்கடி நிற்பதாகப் பள்ளிக்கூடத்து ஆயாம்மா சொன்ன நாளிலிருந்து பிரிஸில்லாவுக்குத் தூக்கமில்லை.

கருவேலமுள் புடவையைப் பிடித்து இழுக்க, அவள் மெதுவாக நடந்தாள். மேகம் கவிந்திருந்தாலும் வெளிச்சம் இருந்தது. டிக்கெட் கொடுக்கும் அறையின் சுவரோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தாள்.

நடைமேடையில் ஒரு சிமென்ட் பெஞ்ச். அதன் ஒரு ஓரத்தில், அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆன்சன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டிருந்தான். தலையைச் சாய்த்து எதையோ கேட்டான். மெதுவாகச் சிரித்தான்.

"போதும், போதும். வயிறு ரொம்பிடுச்சு" என்றான்.

யாரோ பதில் சொன்னார்கள்.

சொல் புரியவில்லை. பெண் குரல் என்பது மட்டும் தெரிந்தது. பிரிஸில்லாவுக்கு ரத்தம் தலைக்கேறியது. அத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து காலில் இறங்க, சுவரைச் சுற்றிக்கொண்டு பாய்ந்து போய் அவன் முன்னால் நின்றாள்.

"யாரு அவ?"

ஆன்சன் நிமிர்ந்து பார்த்தான். குற்றம் செய்து மாட்டிக்கொண்ட முகமாக அது இல்லை. தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவனைப் போல விழித்தான்.

"யாரு?"

"இப்ப பேசிகினு இருந்தீங்களே, அவ. எங்க ஓடிட்டா?"

அவன் உதட்டில் விரலை வைத்தான்.

"கத்தாத பிரிஸி. அவங்க பயந்துக்கப் போறாங்க."

பெஞ்சில் வேறு யாரும் இல்லை.

உள்ளே ஒளிந்திருப்பாள் என்று நினைத்துப் பிரிஸில்லா கட்டடத்துக்குள் போனாள். மொத்தமே இரண்டு அறை. முதல் அறையில் வௌவால் எச்சமும் உடைந்த பாட்டில்களும் கிடந்தன. இரண்டாவதில் சுவரோடு சுவராக ஒரு துருப்பிடித்த இரும்புப் பெட்டி. பின்பக்க வாசலைக் கருவேலம் அடைத்துக்கொண்டிருந்தது, நாய்கூட நுழைய முடியாது. யாரும் இல்லை. யாரும் ஓடிய தடமும் இல்லை.

வெளியே பெஞ்சில் யாரோ இருமினார்கள்.

வயசான இருமல். கபம் கட்டிய பெண்ணின் இருமல்.

திரும்பி வந்தபோது ஆன்சன் மட்டும்தான் இருந்தான். மடியில் ஒரு இலை இருந்தது. வாழையிலை இல்லை. காய்ந்து சுருண்ட ஒரு பாதாம் இலை. அதிலிருந்து கடைசிக் கவளத்தை வழித்து வாயில் போட்டுக்கொண்டான். அவன் விரல்கள் சாம்பல் நிறத்தில் இருந்தன. மெல்லும்போது நறநறவென்று சத்தம் கேட்டது.

*

அன்றைக்கு வீட்டில் அவன் வாந்தி எடுத்தான். புளிசாதம் வரவில்லை. ஜல்லிக்கல் தூள், கரி, காய்ந்த இலைச் சருகு. வாஷ்பேசினில் அது அடைத்துக்கொண்டு நின்றது.

ஆரணியில் பார்த்த டாக்டர், "மண்ணு திங்கிற பழக்கம் எப்பருந்து?" என்று கேட்டார். பழக்கமே இல்லை என்றதற்கு அவர் பிரிஸில்லாவை ஒரு மாதிரி பார்த்தார். வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே தேதி கிடைக்க நாளாகும் என்றார்கள்.

இரவு பக்கத்தில் உட்கார்ந்து, கோபத்தையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாங்க நடந்துது? என்கிட்ட சொல்லுங்க."

ஆன்சன் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய விஷயமாகவே அவனுக்குத் தோன்றவில்லை. போன மாதம் ஒருநாள் நல்ல மழை. டிசைன் பேப்பர் நனைந்துவிடும் என்று நிலையத்தில் ஒதுங்கினான். பெஞ்சில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமம், கையில் துணிப்பை.

"வண்டி போயிடுச்சாப்பான்னு கேட்டாங்க. இங்க எது வண்டி? ஏதோ மறதி கேஸுன்னு நெனச்சேன். வயசானவங்க மனசு ஏன் கஷ்டப்படணும்னு, 'இல்லம்மா, வரும்'னு சொல்லிட்டேன். 'அப்ப வர்ற வரைக்கும் துணைக்கு இருக்கியா'ன்னாங்க. சரின்னேன்."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னா, வண்டிதான் இன்னும் வரலியே."

அவ்வளவு சாதாரணமாகச் சொன்னான்.

சபை போதகரை வீட்டுக்கு வரவழைத்தாள். தலையில் கை வைத்து அவர் நெடுநேரம் ஜெபித்தார். ஆன்சன் முழங்காலிட்டு, சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் சரியாக ஆமென் சொன்னான். நாலு மணி அடித்ததும் எழுந்து செருப்பை மாட்டினான். பைக் சாவியை அவள் ஒளித்து வைத்திருந்தாள். அவன் அதைத் தேடவே இல்லை. வாசலைத் தாண்டி, வெயிலில், மேலத்தாங்கல் பக்கம் நடக்க ஆரம்பித்தான். கூப்பிட்டதற்குத் திரும்பி, "சொல்லிட்டேன் பிரிஸி. போவலன்னா தனியா இருப்பாங்க" என்றான்.

அந்த வாரத்திலேயே அவன் பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட வேண்டி வந்தது.

அப்போதும் அவள் மனசின் ஒரு மூலை நம்ப மறுத்தது. பேயாவது பிசாசாவது. இவனுக்கு யாரோ எதையோ கொடுத்து மயக்கியிருக்கிறார்கள். யார் கொடுத்திருப்பார்கள்? அந்தத் திருப்பத்தில் அடுப்பு எரிவது ஒரே ஒரு இடத்தில்தான்.

*

மறுநாள் காலை பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனாள். சின்னபொண்ணு பாய்லருக்குக் கரி போட்டுக்கொண்டிருந்தாள். அன்புச்செல்வி கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தவள், பிரிஸில்லாவின் முகத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"என் வீட்டுக்காரருக்கு இன்னா குடுத்தீங்க?"

"டீச்சர், நான்..."

"தினம் சாயங்காலம் சோறு கட்டிக் குடுக்கிறது யாரு? நீதானே?"

அன்புச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. சின்னபொண்ணு கரி வாரும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு நடுவில் வந்து நின்றாள்.

"என் பொண்ணு மேல பழி போடாதீங்க டீச்சரம்மா. இவ அவர வாசல்லயே நிறுத்தி, அங்க போவாத சார், போவாத சார்னு கெஞ்சிகினு இருந்தவ. ஊர்ல கேட்டுப் பாருங்க. உங்க ஊட்டுக்காரரு எந்தப் பொம்பளையோடவும் இல்ல."

அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"இருந்திருந்தா தேவலாம்."

பிரிஸில்லா கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். டீ கொடுத்தார்கள். குடிக்க முடியவில்லை.

சின்னபொண்ணு அந்தக் காலத்தில் நிலையத்தில் வேர்க்கடலை விற்றவள். காலையில் ஒரு வண்டி, சாயங்காலம் ஒரு வண்டி. சாயங்கால வண்டிக்கு ஆதிலட்சுமி தவறாமல் வருவாள். அவளுக்கு ஒரே மகன், துரை. பம்பாயில் கட்டட வேலைக்குப் போயிருந்தான். காட்பாடியில் மாறி, சாயங்கால வண்டியில்தான் ஊருக்கு வருவான். வரும்போது பசியோடு வருவான் என்று புளிசாதம் கட்டி எடுத்துக்கொண்டு நடைமேடையிலேயே ஊட்டிவிடுவாள். ஊர் சிரிக்கும். மீசை வைத்த பையனுக்கு ஊட்டுகிறாளே என்று.

"ஒரு ஐப்பசி மாசம் வரேன்னு சொல்லியிருந்தான். வரல. அவன் கூட வேலை செஞ்ச பையன் நாட்டாமைக்காரர் ஊட்டுக்கு போன் பண்ணி, சாரத்துலருந்து கீழ உய்ந்து செத்துட்டான், அங்கயே அடக்கம் பண்ணிட்டோம்னு சொல்ட்டான். அவகிட்ட யாரு சொல்றது? இவரு சொல்லட்டும்னு அவரு, அவரு சொல்லட்டும்னு இவரு. அவ வந்து வண்டி போயிடுச்சான்னு கேப்பா. வரும், வரும்னு சொல்லுவாங்க."

"யாருமே சொல்லலியா?"

"யாரும் சொல்லல. அந்த வருசம்தான் அகலப்பாதை போடறேன்னு வண்டியவே நிறுத்திட்டாங்க. ஆளுங்க வந்து தண்டவாளத்தப் பேத்தெடுக்கிறாங்க, அவ பெஞ்சியில உக்காந்து பாத்துகினு இருக்கா. இன்னாப்பா பண்றீங்கன்னு கேட்டா, ரிப்பேரு, இன்னைக்கி வண்டி லேட்டுன்றாங்க. அவங்களுக்கும் மனசு வரல பாருங்க."

ஒரு மழைநாள் சாயங்காலம் ஆதிலட்சுமி வீடு திரும்பவில்லை. மறுநாள் ஆடு மேய்க்கப் போனவன் பார்த்தான். பெஞ்சில் உட்கார்ந்த மேனிக்கே இருந்தாள். மடியில் இலை பிரித்து வைத்திருந்தது. பாதி சோறு அப்படியே இருந்தது. பாதி சாப்பிட்டிருந்தது.

"அவ சாப்ட்டிருப்பா" என்றாள் பிரிஸில்லா.

"அவ வெத்தலை போட்டிருந்தா டீச்சர். வாய்ல அப்படியே இருந்துச்சு."

பாய்லர் விசில் அடிக்க, அன்புச்செல்வி போய் அதன் மூடியைத் தளர்த்தினாள்.

"அதுக்கப்புறம் ரெண்டு மூணு பேரு இந்த மாதிரி ஆனாங்க" என்று சின்னபொண்ணு சொன்னாள். "லாரிக்காரன் ஒருத்தன். தேசூர்லருந்து வந்த கல்யாண புரோக்கர் ஒருத்தர். அவ கேட்டதுக்கு வரும்னு சொன்னவங்க. அவங்கள்லாம் இல்ல இப்போ."

*

அன்றைக்குச் சாயங்காலம் ஆன்சனை அவளே ஸ்கூட்டியில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். பின்னால் அவன் பாரமே தெரியவில்லை. ஒரு பள்ளிப் பிள்ளையை ஏற்றி வருவது போல இருந்தது. அன்புச்செல்வி கடைவாசலில் நின்று பார்த்தாள். சின்னபொண்ணு உள்ளேயே இருந்துவிட்டாள்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை. கருவேலம் ஒரு இலைகூட அசைக்காமல் நின்றது. தூரத்தில் எங்கோ விசைத்தறி ஓடும் சத்தம் மட்டும் வந்தது. நடைமேடையில் கால் வைத்ததும் அதுவும் நின்றுவிட்டது.

ஆன்சன் தன் வழக்கமான ஓரத்தில் உட்கார்ந்தான்.

பெஞ்ச் முழுக்க நனைந்திருந்தது. நடுவில் மட்டும் ஈரமில்லை.

பிரிஸில்லா மறு ஓரத்தில் போய் உட்கார்ந்தாள். மூன்று பேர் உட்காரும் பெஞ்ச். இரண்டு பேர் இருந்தார்கள். ஆனாலும் அவளுக்கு இடம் போதவில்லை. பாதித் தொடை வெளியே நின்றது. உள்பக்கம் நகரலாம் என்று நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை.

முதலில் வாசனை வந்தது. புளி, நல்லெண்ணெய், பெருங்காயம். அதற்கு அடியில் இன்னொன்று. மழையில் பல நாள் கிடந்த துணியின் முடைநாற்றம்.

பிறகு அவள் இடது கையில் ஏதோ பட்டது. ஈரப் புடவையின் முந்தானை.

அவள் திரும்பவில்லை.

நேராகப் புதுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, உதடு அசையாமல் ஜெபம் சொன்னாள். பாதியில் வார்த்தை மறந்துபோனது. சின்ன வயதிலிருந்து தெரிந்த ஜெபம்.

"வண்டி போயிடுச்சாம்மா?"

காதுக்குப் பக்கத்தில் கேட்டது. அன்பான குரல். வழியில் பார்க்கும் எந்த வயசான பெண்ணும் கேட்பது போலக் கேட்டது. அதில் கோபமோ சூழ்ச்சியோ துளிகூட இல்லை. ஆன்சன் ஏன் அப்படிப் பதில் சொன்னான் என்று அவளுக்கு அந்த நொடியில் புரிந்தது. அவளுக்கே நாக்கு நுனி வரை வந்துவிட்டது. இல்லம்மா, வரும்.

அந்தப் பக்கம் ஆன்சன் வாயைத் திறந்தான்.

அவள் எழுந்து பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அவன் பற்கள் அவள் உள்ளங்கையில் நறநறவென்று அரைபட்டன.

"வராது" என்று கத்தினாள். "வண்டி இங்க நிக்கிறதில்ல. நிறுத்தி எவ்ளோ வருசமாச்சு. எல்லாரும் உன்கிட்ட பொய் சொல்ட்டாங்கம்மா. உன் பையன் வரமாட்டான். துரை செத்துட்டான்."

தூறல் நின்றது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு சத்தமும் இல்லை. அழுகை வரும், அலறல் வரும் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.

"எங்க?"

அவ்வளவுதான் கேட்டது.

அவளுக்கு யோசிக்க நேரமில்லை. கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய்.

"பம்பாய்ல."

பெஞ்ச் லேசாக அதிர்ந்தது. முழங்காலில் கை ஊன்றி எழுந்திருக்கிறவர்கள் விடும் பெருமூச்சு கேட்டது. நடைமேடையின் விளிம்பில் கருவேலங்கிளை ஒன்று, யாரோ கையால் ஒதுக்குவது போல ஒதுங்கி, பின் தன் இடத்துக்கு வந்தது. கீழே ஜல்லியில் காலடி. சரக், சரக் என்று அவசரமில்லாமல் புதுத் தண்டவாளத்தை நோக்கிப் போய், அங்கே நின்றது.

பிரிஸில்லா பெஞ்சைப் பார்த்தாள். நடுவில் இருந்த ஈரமில்லாத இடம் மெல்லக் கறுத்து நனைந்தது.

ஆன்சன் அவள் கையைத் தள்ளிவிட்டுக் குனிந்து வாந்தி எடுத்தான். எடுத்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, சுற்றிலும் பார்த்தான். அவன் கண்ணில் ரொம்ப நாளைக்குப் பிறகு பயம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பிரிஸி, நாம எதுக்கு இங்க வந்தோம்?"

*

அதன் பிறகு அவன் தேறினான். முதல் இரண்டு நாள் கஞ்சி. பிறகு ரசம். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு வைத்தபோது ரெண்டாம் தடவை சோறு கேட்டான். அவள் சமையலறைக்குள் போய் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து போட்டாள். நாலு மணி அடித்தால் அவள்தான் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை.

அன்புச்செல்வியைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று டீக்கடைக்குப் போனாள். அந்தப் பெண், "உடுங்க டீச்சர், யாரா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பாங்க" என்று சொல்லி, காசு வாங்காமல் டீ போட்டுக் கொடுத்தாள். நிலையத்துப் பக்கம் இப்போது ஆடுகள் போகின்றனவாம். முன்பு அடித்து விரட்டினாலும் போகாது. நாய்கூடப் பெஞ்சில் ஏறிப் படுக்கிறது என்றாள்.

சின்னபொண்ணு மட்டும் சிரிக்கவில்லை.

"அவகிட்ட இன்னா சொன்னீங்க டீச்சர்?"

"உண்மையைச் சொன்னேன். பையன் செத்துட்டான்னு."

"அவ எதுனா கேட்டாளா?"

"எங்கன்னு கேட்டா."

"சொல்லிட்டீங்களா?"

பிரிஸில்லா தலையசைத்தாள். சின்னபொண்ணு சாலையின் பக்கம் திரும்பினாள். பேருந்து ஒன்று புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது.

"இத்தினி வருசம் அவ அந்தப் பெஞ்சியிலதான் இருக்கான்னு எங்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போவாம இருந்தோம். இனிமே எந்தப் பக்கம் போவாம இருக்கிறது?"

வயசானவளின் வீண் பயம் என்று பிரிஸில்லா நினைத்துக்கொண்டாள். ஊரே சேர்ந்து பொய் சொன்னது, வெளியூர்க்காரி ஒருத்தி உண்மையைச் சொல்லிவிட்டாள், அந்தக் குறுகுறுப்பாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில் அதை மறந்தும் போனாள்.

*

கிறிஸ்துமஸ் முடிந்து, வேலூர் ஆஸ்பத்திரியில் தேதி கிடைத்தது. ஆன்சன் நன்றாகத்தான் இருந்தான். எதற்கும் ஒருதடவை காட்டிவிடலாம் என்று பிரிஸில்லாதான் சொன்னாள். பஸ்ஸில் குலுங்க வேண்டாம் என்று களம்பூர் ஸ்டேஷனுக்குப் போய், காலை பாசஞ்சரில் ஏறினார்கள். வேலூர் கன்டோன்மென்ட்டில் இறங்கினால் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்விடலாம்.

நல்ல வெயில். பெட்டியில் கூட்டம் அதிகமில்லை. எதிர் சீட்டில் மேலெல்லாம் சாமந்திப்பூ வாசனையோடு ஒரு பூக்காரம்மா, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆன்சன் போனில் ஒரு மயில் பார்டரைக் காட்டி, இந்தக் கழுத்துக்கு மயில்நீலம் போடலாமா, பச்சை போடலாமா என்று பிரிஸில்லாவைக் கேட்டான்.

வண்டி வேகம் குறைந்தது.

குறைந்து, குறைந்து, நின்றுவிட்டது.

"சிக்னல் போல" என்றார் பின்னால் யாரோ. பிரிஸில்லா சன்னல் வழியாகப் பார்த்தாள். கருவேலங்காடு. அதற்கு நடுவே ஒரு மஞ்சள் பலகையின் துரு. வண்டி அங்கே நின்று அவள் பார்த்ததில்லை. அவள் சட்டென்று சன்னல் கதவை இறக்கினாள். ஆன்சன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நல்லவேளை.

சற்று நேரத்தில் ஹாரன் அடித்து, வண்டி நகர்ந்தது. பிரிஸில்லா மூச்சை விட்டாள்.

எதிரே பூக்காரம்மா தன் கூடையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள்பக்கம் நகர்ந்தாள்.

"வாங்க, வாங்க. இப்பிடி உக்காருங்க. ஓடியாந்து ஏறுனீங்களா, இப்பிடி மூச்சு வாங்குது?"

பக்கத்தில் யாரும் இல்லை.

பூக்காரம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். ம், ம் என்றாள். முகத்தில் இரக்கம் வந்தது. பிறகு பிரிஸில்லாவின் பக்கம் திரும்பினாள்.

"பாவம், இந்தம்மா பம்பாய் வரைக்கும் போவணுமாம். காட்பாடில எந்த வண்டி புடிக்கணும்னு கேக்குறாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

தான் டீச்சர் என்று பிரிஸில்லா அவளிடம் சொல்லியிருக்கவில்லை.

பதில் சொல்லக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். ஆன்சனின் கையைப் பிடிக்கத் தேடினாள். கை அங்கே இல்லை. அவன் எழுந்து நின்றிருந்தான். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, எதிர் சீட்டின் காலி இடத்தைப் பார்த்துச் சிரித்தான். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது.

"நீ கன்டோன்மென்ட்ல இறங்கி டோக்கன் போட்டு வை பிரிஸி" என்றான். "பாஷை தெரியாதவங்க, தனியா போறாங்க. நான் கூடப் போய் உட்டுட்டு வந்துடறேன்."